வாடகை வீட்டுப் பொருள் காப்புறுதி: சீலிங் ஒழுகினால் கைகொடுக்குமா?

சிங்கப்பூரில் வாடகைக்கு இருப்பவர்கள், வீட்டுக்காரர் எடுத்திருக்கும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) தீக்காப்புறுதியை நம்பி இருக்க வேண்டாம். உங்கள் மெத்தைக்கும் மடிக்கணினிக்கும் அது ஒரு வெள்ளிகூடத் தராது. வாடகைக்காரர்களுக்கென்று விற்கும் பொருள் காப்புறுதி தரும். ஆனால் எந்தத் தண்ணீருக்கு என்பதில்தான் சிக்கல்.

குழாய் திடீரென வெடித்தால், தொட்டி நிரம்பி வழிந்தால் பெரும்பாலான பாலிசிகள் பணம் கொடுக்கும். மேல்வீட்டுக் குளியலறையின் நீர்த்தடுப்புப் பூச்சு நைந்து மாதக்கணக்கில் கசிந்தால், ‘படிப்படியான சேதம்’ என்று கைவிரித்துவிடும். நம் புளோக்குகளில் அடிக்கடி பார்ப்பது இந்த இரண்டாவது வகையைத்தான். வாங்குமுன் விலக்குப் பட்டியலில் இந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள். விளம்பரத் தாளில் அது இருக்காது.

அடுத்தது தொகை. வீட்டில் 20,000 வெள்ளிப் பொருள் இருக்க, பிரீமியத்தை மிச்சம் பிடிக்க 10,000க்கு மட்டும் எடுத்தால், விகிதாசார விதி உள்ள பாலிசியில் 4,000 வெள்ளிச் சேதத்துக்கு 2,000தான் கிடைக்கும். அதிலும் எக்செஸ், அதாவது நீங்களே ஏற்க வேண்டிய முதல் தொகை, கழியும். பழைய துணிமணிக்குத் தேய்மானமும் கழிப்பார்கள்.

ஒழுகிய அன்று முதலில் அந்தப் பக்கத்து மின்சுற்றை டிபி பெட்டியில் (வீட்டு மின்விசைகள் உள்ள பெட்டி) அணையுங்கள். நனைந்த கருவியை ‘வேலை செய்கிறதா பார்ப்போம்’ என்று போட்டுப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் தவறு. காய்ந்தால் பிழைத்திருக்கக்கூடிய மின்சுற்றுப் பலகை அந்த நொடியில் கருகிவிடும். சீலிங் கறை, அதன் நேர்கீழே பொருள், பின்புறத்து வரிசை எண் என மூன்றையும் படமெடுங்கள். துகள்பலகை அலமாரி என்றால் உப்பிய ஓரத்தையும் உப்பாத ஓரத்தையும் அளவுகோல் வைத்துக் காட்டுங்கள். ரசீது தொலைந்திருந்தால் வங்கி அறிக்கை உதவும். பழுதுபார்ப்பவரிடம் ‘நீரால் கெட்டது, சரிசெய்வது கட்டுப்படியாகாது’ என்று எழுதி வாங்குங்கள். துணிகளை ஓரிரு நாளுக்குள் உலர்த்தாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். ‘சேதத்தைக் குறைக்க முயலவில்லை’ என்று தொகையை வெட்ட அது ஒரு சாக்கு. காப்புறுதி நிறுவனத்தின் மதிப்பீட்டாளர் பார்த்துப் போகும்வரை, பழைய பொருள் வாங்கும் கருங்குனிக்காரரைக் கூப்பிட வேண்டாம்.

காப்புறுதி மறுத்தாலும் வழி இருக்கிறது. கறை தெரிந்த நாளிலேயே வீட்டுக்காரருக்குப் படத்தோடு வாட்ஸ்அப் அனுப்பியிருந்தால், தெரிந்தும் சரிசெய்யவில்லை என்று வாதிட அந்தத் தேதியே பிடிமானம். ஒப்பந்தம் 2 ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை என்றால் ஸ்மால் கிளெய்ம்ஸ் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை கோரலாம். இரு தரப்பும் எழுத்தில் சம்மதித்தால் 30,000. வழக்கறிஞர் வைக்க அங்கே அனுமதியில்லை, ஆகவே படங்களைத் தேதி வரிசையில் நீங்களேதான் அடுக்கிக்கொண்டு போக வேண்டும்.