டர்பன் கடல் மேல் காற்று நடுக்கத்தைக் கணிக்க மூன்று வருஷம்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் கப்பல்களை பிளஃப் கடற்கரையிலிருந்து 600 மி.மீ. லென்ஸில் படமெடுப்பவன் நான். சில நாள் கப்பலின் பெயரையே படித்துவிடலாம். சில நாள் கப்பல் முழுவதும் ஓடும் தண்ணீருக்கு அடியில் கிடப்பதுபோல் நெளியும். எந்த வானிலையில் எது நடக்கும் என்று புரிந்துகொள்ள, மூன்று வருஷமாகச் செயற்கைக்கோள் தரவை வைத்து ஒரு பைத்தான் நிரல் ஓட்டி வருகிறேன்.

சூடும் குளிருமான காற்று கலக்கும்போது ஒளிவிலகல் இடத்துக்கு இடம் மாறுகிறது. அதன் வலிமைக்கு 'சி-என் ஸ்குவேர்' என்று ஒரு அளவு உண்டு. ஏறக்குறைய 10⁻¹⁷ (நடுக்கம் மிகக் குறைவு) முதல் 10⁻¹³ (கடும் நடுக்கம்) வரை போகும். கடல் வெப்பம், காற்றின் வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம் நான்கும் கிடைத்தால், மோனினும் ஒபுகோவும் 1954இல் தந்த கோட்பாட்டை வைத்து அதைக் கணக்கிடலாம். கடல் வெப்பத்துக்கு நாசாவின் எம்யுஆர் தரவு: தினசரி, 1 கி.மீ. கட்டம், அதாவது 1 கி.மீ. சதுரத்துக்கு ஒரு எண். மற்றதற்கெல்லாம் ஐரோப்பிய வானிலை மையத்தின் இஆர்ஏ-5 தரவு: மணிக்கு ஒன்று, ஆனால் கட்டம் சுமார் 31 கி.மீ.

அந்த 31 கி.மீ.தான் முதல் வருஷத்தைக் கெடுத்தது. கரையோரக் கட்டத்தில் பாதி நிலம். பகலில் நிலத்துச் சூடு கடல் காற்றின் கணக்கில் ஏறிவிடும். கிழக்கே ஒரு கட்டம் தள்ளி எடுத்த பிறகுதான் கணக்கு படத்தோடு ஒத்துவந்தது. கரையோரத்தில் இருப்பவர்கள் இதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

குளிர்காலத்தில் இந்தக் கணக்கை முழுதாக நம்புகிறேன். அகுல்ஹாஸ் என்ற வெப்ப நீரோட்டத்தின் தயவில், இங்கே நடுக் குளிர்காலமான ஜூலையிலும் கடல் 21 டிகிரி அளவில் இருக்கும். விடியலில் நிலத்திலிருந்து வரும் காற்றோ பத்துப் பன்னிரண்டு டிகிரிதான். இங்கே வலை இழுத்த என் மாமா, காலையில் தண்ணீரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "தண்ணி வெதுவெதுன்னு இருக்கு, காத்து குளிருது, இன்னைக்குத் தூரத்துக் கப்பல் ஆடும்" என்பார். என் நிரல் கணக்கிடுவதும் அந்த வித்தியாசத்தைத்தான்.

கோடையில் கடலும் காற்றும் ஏறக்குறைய ஒரே சூட்டுக்கு வரும்போது நிரல் தடுமாறுகிறது. வித்தியாசம் ஒரு டிகிரிக்குள் வந்துவிட்டால், அரை டிகிரிப் பிழைகூட விடையைப் பல மடங்கு மாற்றிவிடும். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உள்ள காற்றின் வெப்பத்தைச் செயற்கைக்கோளால் நேராக அளக்க முடிவதில்லை. கடலின் தோலைத்தான் பார்க்கிறது. நாள்கணக்கில் மேகம் மூடினால் அதுவும் அகச்சிவப்புக் கண்ணுக்குத் தெரியாது. மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் நுண்ணலை உணரிகளும் கரையோரத்தில் உதவாததால், எம்யுஆர் காட்டுவது பெரும்பாலும் இட்டு நிரப்பிய எண்.

அப்புறம், இஆர்ஏ-5 ஐந்து நாள் பின்தங்கித்தான் வரும். நாளைக் காலைக்கு அது ஆகாது. முன்னறிவிப்புத் தரவைத்தான் எடுக்க வேண்டும்.

இப்போது மாமாவின் மகன் படகில் ஒரு வெப்பமானி கட்டியிருக்கிறோம். மேகம் மூடிய நாள்களில் அவன் குறித்து வருவதை எம்யுஆர் எண்ணோடு ஒப்பிட்டு வருகிறேன்.