தொங்கவிட்டு முறுக்கிய புஷ் 14 மாதம், நிற்கவைத்து முறுக்கிய புஷ் 3 வருஷம்

என் வண்டி 2012 ஹைலக்ஸ், டபுள் கேப், டீசல். நிபோங் தெபால் பக்கமிருந்து தேங்காயும் வாழை இலையும் ஏற்றிப் பினாங்குத் தீவுக்குக் கொண்டு போவது வேலை. தைப்பூசம் நெருங்கிவிட்டால் தண்ணீர்மலைப் பக்கம் ஒரே நாளில் மூன்று நடைகூடப் போவேன், ரதம் வரும் வழியில் உடைக்கிற தேங்காயெல்லாம் எங்கிருந்தாவது வந்துதானே ஆகவேண்டும். சுமை எப்போதும் பின்னால்தான், ஆனால் தொல்லை கொடுத்தது முன்பக்கம், அப்சாபரின் அடியில் இருக்கும் புஷ் என்கிற ரப்பர் உருளை.

முதல் தடவை அப்சாபரையும் (குலுக்கலை அடக்கும் குழாய்), அதன் தலையை சேசிஸில் பிடிக்கும் மேல் மவுண்டையும் ஒரு பட்டறையில் மாற்றினேன். எந்தப் பட்டறை என்று சொல்லப்போவதில்லை, பாதிப் பட்டறைகளில் இதைத்தான் செய்கிறார்கள். வண்டியை ஹாய்ஸ்டில் தூக்கினார்கள், நான்கு டயரும் அந்தரத்தில் தொங்கியது, பழசைக் கழற்றிப் புதுசை மாட்டி, காற்றழுத்தத்தில் முறுக்கும் ஏர் கன்னால் ட்ர்ர்ர் என்று எல்லா நட்டையும் அடித்தார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நல்ல சுறுசுறுப்பான போமன் (மெக்கானிக்) என்று டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

ஒரு வருஷம் ஒன்றுமில்லை. அப்புறம் தாமான் ஹம்ப்பில், அதாவது குடியிருப்பு வேகத்தடையில், மெதுவாக ஏறி இறங்கும்போது கீச் என்று ஒரு சத்தம், பழைய கட்டில் முனகுகிற மாதிரி. மழை நாளில் சத்தமே இருக்காது, வெயில் ஏறினால் திரும்ப வரும். தண்ணீர் பட்டால் சத்தம் அடங்குகிறது என்றால் ரப்பர்தான் உரசுகிறது என்று அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். நானோ பால் ஜாயிண்ட், ஸ்டீயரிங் ரேக் என்று சந்தேகப்பட்டுக்கொண்டே இரண்டு மாதம் ஓட்டினேன். இரண்டாம் பாலத்தில், பத்து காவானில் ஏறி பத்து மாவுங்கில் இறங்கும் அந்த 24 கிலோமீட்டரில், ஒவ்வொரு இணைப்பைத் தாண்டும்போதும் டொக் டொக் என்று கேட்க ஆரம்பித்த பிறகுதான் கழற்றினேன். அப்போது 28,000 கிலோமீட்டர் ஓடியிருந்தது.

கழற்றிப் பார்த்தால் அப்சாபரில் எண்ணெய்க் கசிவு இல்லை, கம்பி பளபளவென்று இருக்கிறது. அடியில், டயரைத் தாங்கி ஏறி இறங்கும் லோவர் ஆர்மோடு சேரும் கண் புஷ்ஷில் மட்டும், நடு இரும்புக் குழாயை ஒட்டி, பிறை நிலா மாதிரி ஒரு கிழிசல். இரண்டு பக்கமும் அதே இடத்தில்தான். ரப்பர் பழசாகிக் கிழிந்திருந்தால் இப்படி ஜோடி சேர்ந்து கிழியாது.

எங்கள் வீட்டு வரிசையில் ஒரு மாமா இருக்கிறார், பஸ் பட்டறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். புஷ்ஷைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார். "தம்பி, வண்டியத் தொங்கவிட்டா நட்ட முறுக்குனானுங்க?"

அதாவது, இந்த மாதிரி புஷ்ஷில் வெளிக்குழாய் ஒன்று, உள்குழாய் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் ஒட்டவைத்த ரப்பர். போல்ட்டை முறுக்கினதும் உள்குழாய் பிராக்கெட்டோடு இறுகிவிடும், அதன் பிறகு அது சுழலவே சுழலாது. ஆர்ம் ஏறி இறங்கும்போது ரப்பர்தான் முறுகி முறுகி நிமிரும். டயர் தொங்கும் நிலையில் இறுக்கினால் ரப்பருக்கு அதுதான் ஓய்வு நிலை. வண்டியைத் தரையில் இறக்கியதும், ஈர வேட்டியைப் பிழிந்தபடி பிடித்துக்கொண்டே இருக்கிற மாதிரி, நிறுத்தி வைத்திருக்கும்போதுகூட ரப்பர் முறுகியே இருக்கும். அதன் மேல் ஒரு குழி வந்தால்? ரப்பர் பாவம், எவ்வளவுதான் தாங்கும்.

சரி, இரண்டாம் செட்டை நானே வீட்டு வாசலில் போட்டேன், மாமா நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை. மேலே சேசிஸில் பிடிக்கும் மூன்று நட்டை எந்த நிலையிலும் இறுக்கலாம், அங்கே முறுக்கம் கிடையாது. நடுவில் அப்சாபர் கம்பியின் தலையில் இருக்கும் நட்டுதான் வேறு கதை. அப்சாபரைச் சுற்றி அமுக்கிய ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பதே அந்த ஒரு நட்டுதான், ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் போடாமல் அதைத் தொட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. எனக்கு அதில் தைரியமில்லை, ஸ்பிரிங்கும் அப்சாபரும் சேர்ந்த அசெம்பிளியை மட்டும் வெளியே கொடுத்து மாற்றி வாங்கினேன். கொடுக்கும்போதே இரண்டு விஷயம் சொல்லிவிட்டேன்: ஏர் கன் வேண்டாம், கம்பியை பிளையரால் பிடிக்க வேண்டாம். ஏர் கன் அடித்தால் நட்டோடு கம்பியும் சேர்ந்து சுற்றும், பிளையர் பல் பட்டுக் கம்பியில் ஒரு கீறல் விழுந்தால் அது சீலைக் கிழித்து எண்ணெயை வெளியே கொண்டு வந்துவிடும். கம்பியின் தலையில் பிடிப்பதற்கென்றே வெட்டு இருக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு ஸ்பேனரால் திருப்பவேண்டும். பழைய லாக் நட்டையும் திரும்பப் போடக்கூடாது, புதுசு சில வெள்ளி (ரிங்கிட்) தான்.

கீழ் போல்ட்டை டயர் தொங்கும்போது கையால் ஏற்றி, ஸ்பேனரால் லேசாக மட்டும் இறுக்கினேன். டயரை மாட்டி, ஜாக்கை இறக்கி, வண்டியை முன்னும் பின்னும் ஒரு ஐந்து அடி உருட்டினேன். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஜாக்கிலிருந்து இறங்கிய டயர் தரையைக் கவ்விக்கொண்டு வண்டியைக் கொஞ்சம் உயரத்திலேயே நிறுத்தி வைத்திருக்கும். உருட்டி, பானட்டை நாலு அமுக்கு அமுக்கின பிறகுதான் வண்டி தன் உயரத்துக்கு வரும். அப்புறம் ஸ்டீயரிங்கை ஒரு பக்கமாக முழுசாகத் திருப்பினேன், டயருக்குப் பின்னால், அளவு பார்த்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் ஆட இடம் கிடைத்தது. பிக்கப் என்பதால் அடியில் படுக்கத் தாராளமான இடம், சின்னக் காரில் இந்த வேலைக்கு ராம்ப் வேண்டியிருக்கும்.

டார்க் ரெஞ்சில் நான் விட்ட கோட்டையையும் சொல்லிவிடுகிறேன். சர்வீஸ் மேனுவலில் எண் நியூட்டன் மீட்டரில் இருந்தது, நான் இரவல் வாங்கிய ரெஞ்ச் அடி பவுண்டு. ஒரு அடி பவுண்டு என்பது 1.36 நியூட்டன் மீட்டர். எண்ணை அப்படியே வைத்து இழுத்திருந்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக முறுக்கியிருப்பேன். மாமாதான் கைப்பிடியில் இருந்த எழுத்தைப் படித்துவிட்டு "டேய்" என்றார். உங்கள் மாடலுக்கு என்ன அளவோ அதை மேனுவலில் பாருங்கள், யாரோ சொன்ன எண்ணை வைத்து முறுக்காதீர்கள்.

இறுக்கின பிறகு நட்டிலிருந்து பிராக்கெட் வரை வீட்டுக்காரியின் சிவப்பு நகச்சாயத்தால் ஒரு கோடு இழுத்தேன். ஆயிரம் கிலோமீட்டர் கழித்துக் குனிந்து பார்த்தால் போதும், கோடு உடையவில்லை என்றால் நட் அசையவில்லை. அந்த நகச்சாயம் திரும்ப அவள் கைக்குப் போகவில்லை, அது தனி வழக்கு.

இப்போது 3 வருஷம் 2 மாதம், 74,000 கிலோமீட்டர். பாலிக் பூலாவ் மலை வளைவும் சரி, இரண்டாம் பாலமும் சரி, சத்தமில்லை. இரண்டு செட்டும் ஒரே பிராண்ட், ஒரே கடை, ஏறக்குறைய ஒரே விலை என்பதால் பொருள் மேல் பழி போட வழியில்லை. போன மாதம் படுத்துப் பார்த்தேன், இடது புஷ்ஷின் ஓரத்தில் மயிர்க்கோடு மாதிரி மேலோட்டமான வெடிப்பு, கிழிசல் இல்லை.

பாலியூரித்தேன் புஷ் போட்டால் இந்தத் தலைவலியே இல்லையே என்று கேட்பீர்கள். உண்மைதான், குழாயோடு ஒட்டவைக்காத அந்த வகை புஷ்ஷில் உள்குழாய் சுழலும், தொங்கவிட்டு முறுக்கினாலும் பாதகமில்லை. ஆனால் அதற்கென்று உள்ள சிலிகான் கிரீஸ் காய்ந்தால் அதுவும் கீச்சிடும், சவாரியும் கல்லு மாதிரி ஆகும். தினம் ஓட்டுகிற வண்டிக்கு நான் ரப்பர் பக்கம்தான். கீச் சத்தத்துக்கு இஞ்சின் எண்ணெய், சாதா கிரீஸ் தடவுகிறவர்களும் இருக்கிறார்கள், இரண்டு நாள் அமைதி கிடைக்கும், பிறகு ரப்பர் ஊறிப் போய் மெத்தென்று ஆகிவிடும்.

அடுத்து பின்பக்க லீஃப் ஸ்பிரிங் (பட்டை ஸ்பிரிங்) கண் புஷ்ஷும், அதன் ஒரு முனையை சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளும். அங்கேயும் டயர் தரையில் நின்றபடிதான் கடைசி இறுக்கு, வண்டி காலியாக. தேங்காய் சீசனுக்கு முன் முடிக்கப் பார்க்கிறேன். மாமா இப்போதே நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டார்.