சிலுவையில் ஒரு சொல்: முடிந்ததா, நிறைவேறிற்றா?

யோவான் 19:30-இல் இயேசு உயிர்விடுமுன் சொல்வது கிரேக்கத்தில் ஒரே சொல்: தெத்தெலெஸ்தாய். புராட்டஸ்டண்ட் சபைகளில் வழங்கும் பழைய தமிழ் வேதாகமமான பவர் திருப்புதலில் அது "முடிந்தது". 1995-இல் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து கொண்டுவந்த பொது மொழிபெயர்ப்பில் "எல்லாம் நிறைவேறிற்று". சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் இது ஆறாவது; பெரிய வெள்ளியன்று அதைப் பேசுகிறவர் கையில் எந்தப் புத்தகம் இருக்கிறதோ, பிரசங்கமும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் போகும்.

வினை தெலெயோ. 'முடிவு, இலக்கு' என்று பொருள்படும் தெலோஸிலிருந்து வந்தது. ஓய்ந்துபோவதல்ல, சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்வது. இந்த அளவில் "நிறைவேறிற்று" முந்துகிறது. "முடிந்தது" நம் வழக்கில் வில்லங்கமான சொல். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து ஒருவர் "முடிஞ்சது" என்றால் யாரும் அர்த்தம் கேட்பதில்லை.

ஆனால் இரண்டு வசனம் முன்னால் போய்ப் பாருங்கள். 28-இல் ஒரே வேரிலிருந்து வந்த இரண்டு வினைகளை யோவான் அருகருகே வைக்கிறார். எல்லாம் "தெத்தெலெஸ்தாய்" என்று இயேசு அறிகிறார். வேதவாக்கியம் நிறைவேறுவதற்கு வேறொரு வினை. பவர் "முடிந்தது", "நிறைவேறத்தக்கதாக" என்று பிரித்துக் காட்டுகிறது. பொது மொழிபெயர்ப்பில் இரண்டுமே "நிறைவேறு". போதாததற்கு 30-இல் மூலத்தில் "எல்லாம்" கிடையாது. அது 28-இலிருந்து இறங்கி வந்தது.

உண்மையான சிக்கல் வினையின் காலத்தில் இருக்கிறது. தெத்தெலெஸ்தாய் நிறைவுக் காலம்: செயல் முடிந்தது, அதன் விளைவு இன்னும் நிற்கிறது. இரண்டு மொழிபெயர்ப்பும் வெறும் இறந்தகாலம். தமிழில் வழியில்லாமலா? சோதனைக்காரனிடம் இயேசு சொல்லும் "எழுதியிருக்கிறதே" (மத்தேயு 4:4) மூலத்தில் கெக்ராப்தாய். அதே காலம், அதே செயப்பாட்டு வடிவம். அப்படியானால் "முடிந்திருக்கிறது" என்று போடலாமே? வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தடயத்தைப் பார்த்து யாரோ ஊகிப்பதுபோல் இருக்கும். "முடிந்துவிட்டது" நெருங்கி வருகிறது, கூடவே ஒரு பெருமூச்சும் வருகிறது. "முடிக்கப்பட்டது" இலக்கணப்படி சரி. அரசாணை வாசனை அடிக்கிறது.

மேடைகளில் செல்வாக்குள்ள இன்னொன்று, "கடன் முழுதும் செலுத்தப்பட்டது". எகிப்தியப் பாப்பிரஸ் ரசீதுகளில் இதே சொல் இருக்கிறது என்பார்கள். தெலெயோவுக்கு வரி செலுத்துதல் என்ற பொருள் உண்டுதான். மத்தேயு 17:24, ரோமர் 13:6 இரண்டிலும் அப்படியே வருகிறது. ஆனால் அந்த ரசீதுகளில் இருப்பது "தெதெல்" என்ற சுருக்கம். அதைச் சுங்கம் கட்டியதைக் குறிக்கும் வேறொரு வினையாகத்தான் அறிஞர்கள் விரிக்கிறார்கள். ஆயக்காரனுக்கான கிரேக்கச் சொல்லோடு சேர்ந்த வினை அது. யோவான் 19-இல் வரிப் பேச்சும் இல்லை, கடன் பேச்சும் இல்லை. உருக்கமான பிரசங்கம், பலவீனமான மொழிபெயர்ப்பு.

யாரும் கையில் எடுக்காத ஒன்று நம் வீடுகளிலேயே கிடக்கிறது. "சாப்பிட்டாயிற்று", "பணம் கட்டியாயிற்று" என்கிறோமே, அந்த ஆயிற்று. முடித்தாயிற்று: செய்தவர் பெயர் இல்லை, ஆனால் ஒருவர் செய்தார் என்பது தெரிகிறது, இனி அதில் செய்ய மிச்சமில்லை என்பதும் தெரிகிறது. சிலுவையில் மணிக்கணக்காகத் தொங்கியவரின் வறண்ட வாய்க்கு இது கொஞ்சம் சாவகாசமான சொல்தான். அதனால் வசனத்தில் "முடிந்தது" அப்படியே இருக்கட்டும். அடிக்குறிப்பில் "முடித்தாயிற்று" என்று போடுவேன்.