உடைந்த வள்ளத்தில் ஓர் இருக்கை

புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்கு இட்டுச்செல்லும் ஒரு குறுக்குத் தெருவின் முனையில், கழித்துப்போட்ட பொருள்களால் செய்த மூன்று இருக்கைகளை அண்மையில் வைத்திருக்கிறார்கள். படம் எடுத்துக்கொண்டு நகர்பவர்களே அங்கு அதிகம். நான் காலை, நண்பகல், மாலை என மூன்று வேளையும் சென்று அமர்ந்து பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

முதலாவது, மரவள்ளத்தின் பக்கப் பலகைகளால் ஆனது. 2004ஆம் ஆண்டுச் சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகிவிட்ட இக்கரையில், பழைய வள்ளங்கள் மணலில் கிடந்து மட்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பலகைகளை அடையாளம் தெரியும். செய்தவர் அவற்றை நிமிர்த்த முயலாமல், கடலுக்காகத் தச்சர் கொடுத்த வளைவையே சாய்மானமாக விட்டிருப்பதால், முதுகின் நடுப்பகுதி அதில் இயல்பாகப் பதிகிறது. பலகை இடுக்குகளில் பஞ்சு திணித்து அடைத்த தடமும், ஆணித் துளைகளைச் சுற்றிய கருமையும், நீலச் சாயத்தின் மிச்சமும் அப்படியே இருக்கின்றன. ஆணி முனை ஏதேனும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று அடிப்புறம்வரை விரலால் தடவினேன், ஒன்றுகூடத் தட்டுப்படவில்லை. கால்கள் மண்ணைத் தொடாமல் கருங்கல் துண்டுகளின்மேல் நிற்பதால் ஈரமும் கரையானும் எளிதில் ஏறமாட்டா. உயரம் ஏறத்தாழ 45 செ.மீ.; மூட்டுவலி உள்ள என் அம்மா யார் கையையும் பிடிக்காமல் எழுந்தார்.

இரண்டாவது, இடித்த வீட்டின் தேக்கு உத்தரங்களை அடுக்கியது. குறை சொல்ல ஒன்றுமில்லை, வியக்கவும் ஒன்றுமில்லை. (காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் கற்றூண்களே செஞ்சியிலிருந்து வந்தவை, பழையதைக் கொண்டுவந்து நடுவது இவ்வூருக்குப் புதிதன்று.)

மூன்றாவதுதான் வருத்தம் தருகிறது. இரும்புக் குழாய்களையும் பற்சக்கரங்களையும் பற்றவைத்து மீன் வடிவில் செய்த இதுவே பார்வைக்கு மூன்றிலும் அழகு. ஆனால் நிழலே இல்லாத இடத்தில் வைத்திருப்பதால் நண்பகலில் உள்ளங்கையைக்கூட வைக்க முடியவில்லை. உப்புக்காற்றில் பற்றவைப்புத் தடங்களின்மேல் சாயம் கொப்பளித்து, உள்ளிருந்து துரு கிளம்பிவிட்டது. என் வெள்ளை வேட்டியில் பதிந்த பழுப்புக் கறை இரண்டு முறை துவைத்தும் போகவில்லை. போதாக்குறைக்கு, அமரும் பகுதி குழிவாக இருந்தும் நீர் வடியத் துளை விடவில்லை. முந்தைய நாள் மழை அதில் தேங்கிக் கிடந்தது. குழிவில் இரண்டு துளையிட்டு, துருவைச் சுரண்டித் துத்தநாகப் பூச்சு அடித்து, மேலே மரச்சட்டங்களைப் பொருத்தினால் இது அமரத் தகுந்ததாகிவிடும். வள்ளத்தில் மிஞ்சிய பலகைகள் இருந்தால் அவையே போதும்.

அதுவரை, மீனின்மேல் அமர விரும்புவோர் மாலை ஐந்து மணிக்குமேல், கையில் ஒரு பழைய துண்டோடு செல்லவும்.