பெயர், முன்னைய பெயர், பிறந்த திகதி: 'சாரா சட்ட' விசாரணைச் சேவை பற்றி

இங்கிலாந்தில் பிள்ளை வளர்க்கும் நம்மவர்களில் பலருக்கு இப்படி ஒரு சேவை இருப்பதே தெரியாது. பிள்ளையோடு பழகும் ஒருவருக்குச் சிறுவர் மீதான பாலியல் குற்றப் பின்னணி உண்டா என்று பொலிஸாரிடம் நேரடியாகக் கேட்கலாம். கட்டணம் இல்லை. 2000ஆம் ஆண்டு மேற்கு சசெக்ஸில் எட்டு வயதுச் சாரா பெய்னைக் கொன்றவன் அதற்கு முன்பே தண்டனை பெற்றுப் பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் இருந்தவன். சாராவின் தாய் விடாமல் போராடியதால் 2008இல் நான்கு பகுதிகளில் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய திட்டம் இது. இப்போது இங்கிலாந்து, வேல்ஸ் முழுவதும் நடைமுறையில் இருக்கிறது.

எங்கள் மேல்மாடி அறையில் ஒரு தம்பி வாடகைக்கு இருக்கிறார். அமைதியானவர். பிள்ளைகள் அவரை மாமா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு சனிக்கிழமை சின்னவளைத் தானே நீச்சலுக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். அடுத்த வாரம் வாசலில் அவருக்கு இரண்டு கடிதங்கள் கிடந்தன. வங்கிக் கடிதத்தில் ஒரு பெயர், வைத்தியசாலைக் கடிதத்தில் வேறு பெயர். அன்றிரவே விண்ணப்பித்தேன்.

மாமியார் பொறுக்கவில்லை. "வீட்டில் சோறு தின்கிற பிள்ளையைப் பற்றிப் பொலிஸில் கேட்பதா? நாளைக்கு அவனுடைய தாய்க்கு என்ன பதில் சொல்வாய்?" என்றார். எனக்கும் கூச்சம் இருந்தது. ஆனால் ஆறு வயது மகளை அந்தக் கூச்சத்தை நம்பி அனுப்ப முடியுமா?

வீட்டுக்கு வந்த பெண் உத்தியோகத்தர் முதலில் கேட்டது குடும்பப் பெயரைத்தான். நமக்கு ஏது குடும்பப் பெயர்? ஒரு கடிதத்தில் தகப்பன் பெயர் பின்னால், மற்றதில் சொந்தப் பெயர் பின்னால். இரண்டும் ஒரே ஆள் என்று விளக்கினேன். அவர் அவசரப்படவில்லை. மடியில் வைத்திருந்த குறிப்பேட்டில் இரண்டு கட்டங்கள் வரைந்து, பெயரை இரண்டு ஒழுங்கிலும் எழுதி, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று என் பக்கம் திருப்பிக் காட்டினார். அந்த ஒரு காரியத்துக்காகவே இந்தச் சேவையை மனதாரப் பாராட்டுகிறேன்.

28 நாட்களுக்குள் முடிப்பதே அவர்களின் இலக்கு. எங்களுக்கு 33ஆம் நாள் தொலைபேசி வந்தது: வெளிப்படுத்த எதுவும் இல்லை. அந்த ஐந்து நாட்களும் நான் சரியாகத் தூங்கவில்லை. தாமதமாகும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தம்பிக்கு எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை எங்களோடுதான் மீன்குழம்பு சாப்பிடுகிறார்.

ஆனால் உத்தியோகத்தர் இன்னொன்றையும் சொன்னார். கொடுத்த விவரங்களுக்கு இன்று தங்களிடம் உள்ள பதிவுகளின்படி வந்த பதில் இது, நற்சான்றிதழ் அல்ல. என்னை உறுத்துவது இதுதான். இந்த நாட்டில் சாட்சிகளின் கையொப்பத்தோடு வீட்டிலிருந்தே பெயரை மாற்றிக்கொள்ளலாம். பதிவேட்டில் உள்ள குற்றவாளி பெயரை மாற்றினால் மூன்று நாட்களுக்குள் பொலிஸாரிடம் தானே போய்ச் சொல்ல வேண்டும் என்கிறது 2003ஆம் ஆண்டின் பாலியல் குற்றங்கள் சட்டம். சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டுகள் வரை சிறை. ஆனால் அவன் சொல்லாமல் விட்டதை யார் கண்டுபிடிப்பது? சிறுவரைச் சீரழித்தவனின் நேர்மையையா நாம் நம்பியிருக்க வேண்டும்?

பாதிக்கப்பட்டவர்களும் ரொதர்ஹாம் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினர் சாரா சாம்பியனும் பல வருடங்களாக இந்த ஓட்டையை அடைக்கக் கேட்டு வருகிறார்கள். 2025 பெப்ரவரியில் பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்ட குற்றம், பொலிஸ் சேவை பற்றிய சட்டமூலத்தில் பெயர் மாற்றத்தைக் கட்டுப்படுத்தும் பிரிவுகள் இடம்பெற்றன. அவற்றை நீர்த்துப்போக விடக்கூடாது என்று எங்கள் தொகுதி உறுப்பினருக்கு எழுதினேன். அந்த இரண்டு கட்டங்களையும் கடிதத்தில் வரைந்தே அனுப்பினேன்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். குறைத்த ஒன்று உத்தியோகத்தருக்கானது அல்ல, சட்டத்துக்கானது.

விண்ணப்பிக்க உங்கள் பகுதிப் பொலிஸாரின் இணையத்தளம் போதும், 101க்கும் அழைக்கலாம். ஆளின் பெயரை நம் வழக்கப்படி ஒருமுறை, கடவுச்சீட்டில் உள்ளபடி ஒருமுறை, இரண்டு விதமாகவும் எழுதுங்கள். பிறந்த திகதி தெரிந்தால் அதையும் சேருங்கள்.