கப்பலைத் தச்சன் கண்ணால் பார்க்க ஓர் இடம்: பசாயாவின் அல்பாவோலா பட்டறை

நான் கதவு, ஜன்னல் செய்கிற தச்சன். 2023 கோடையில் வட ஸ்பெயினின் சான் செபாஸ்தியானுக்குப் போயிருந்தேன். பக்கத்து ஊர் பசாயாவில் பழைய கப்பல் ஒன்றை அதே முறையில் திரும்பக் கட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், கடற்கரையை விட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

அல்பாவோலா பட்டறைக்குள் கால் வைத்ததுமே கீல் (தார்) வாசனை. எதிரே 'சான் ஹுவான்', அண்ணாந்து பார்க்கும் உயரத்தில். மூலக் கப்பல் 1563இல் இதே ஊரில் கட்டப்பட்டது. இந்தப் பகுதியின் பாஸ்க் இன மக்கள் அதில் அட்லாண்டிக்கைக் கடந்து திமிங்கில வேட்டைக்குப் போனார்கள். 1565இல் கனடாவின் லாப்ரடோர் கரையில், ரெட் பே துறைமுகத்தில், ஏறக்குறைய 1000 பீப்பாய் திமிங்கில எண்ணெயோடு புயலில் மூழ்கிவிட்டது. செல்மா பார்க்கம் என்ற பெண்மணி பழைய ஆவணங்களைப் படித்துப் படித்து அந்த இடத்தைச் சொன்னார். 1978இல் கப்பல் கிடைத்தது. சுமார் 3000 மரத்துண்டுகளை மேலே எடுத்து, அளந்து, வரைந்து, மறுபடி கடலடியிலேயே புதைத்து வைத்தார்கள். அந்த அளவுகள்தான் இந்தப் பட்டறைக்கு ஆதாரம்.

என்னை நகரவிடாமல் நிறுத்தியது ஏராக்கட்டை, கப்பலின் அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு மரம். பீச் மரம். நடுப்பகுதியில் ஏராவையும் அதை ஒட்டிய முதல் பலகைகளையும் ஒரே மரத்திலிருந்து செதுக்கியிருக்கிறார்கள். அங்கே மூட்டே கிடையாது, தண்ணீர் எங்கே நுழையும்? வங்குகளுக்கு, அதாவது கப்பலின் விலா எலும்பு போன்ற சட்டங்களுக்கு, ஓக். வளைவு வேண்டுமென்றால் மரத்தை அறுத்து வளைப்பதில்லை, காட்டிலேயே கிளைகளை வளைத்து வளர்த்தார்களாம். பேரன் கட்டப்போகும் கப்பலுக்குத் தாத்தா கிளை வளர்த்திருக்கிறார்! அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உலகை முதலில் சுற்றிவந்த கப்பலை 1522இல் கரைசேர்த்த எல்கானோ, இதே கரையிலுள்ள கெத்தாரியா ஊர்க்காரர். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே இந்த ஊர்களில் திமிங்கிலம் பிடித்தார்கள். பெருங்கடலுக்கான மாலுமியும் தச்சனும் அரசவையில் உருவாகவில்லை, இந்த மாதிரித் துறைகளில்தான் உருவானார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

மாலுமிகள் குடிக்க ஆப்பிள் சைடர் (புளிக்கவைத்த ஆப்பிள் சாறு) ஏற்றிப் போனதையும் பீப்பாய்களோடு விளக்குகிறார்கள். இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். தச்சர்கள் வேலை செய்கிற நாளாகக் கேட்டுப் போவது நல்லது. மரம் செதுக்கும் வாய்ச்சி விழும் சத்தத்தோடு பார்க்க வேண்டிய இடம். திரும்பும்போது சிறு படகில் எதிர்க்கரை தொனிபானேக்குப் போங்கள். சில நிமிடப் பயணம்தான். சான் ஹுவான் வெளியேறிய அந்த இடுக்கமான துறைவாயை நீர்மட்டத்திலிருந்து பார்க்கலாம்.