பாண்டியில் நியூ இயர் பார்ட்டி பாஸ்: 14,400 ரூபாய் போச்சு, நீங்களாவது உஷாராக இருங்கள்

முதலில் தொகையைச் சொல்லிவிடுகிறேன். 14,400 ரூபாய். நான்கு பேருக்கு, தலைக்கு 3,600. அதற்குக் கிடைத்தது ஆளுக்கொரு மஞ்சள் கைப்பட்டையும் ஜெனரேட்டர் புகையும், நான்கு பேர் பங்கு போட்டுச் சாப்பிட்ட ஒரு தட்டு நூடுல்ஸும்தான். இன்று ஜனவரி 3. நேற்று இரவுதான் திருச்சி திரும்பினோம். ஆறப்போட்டால் எழுத மாட்டேன் என்று எனக்கே தெரியும், அதனால் இப்போதே உட்கார்ந்துவிட்டேன். கடைசியில் பாண்டி போகிறவர்களுக்கு உருப்படியாகச் சில யோசனைகளும் சொல்கிறேன்.

மச்சானுக்குப் போன ஆவணியில்தான் கல்யாணம் ஆனது. புத்தாண்டுக்குக் கோவா போகலாம் என்று கிளம்பியவனை, எங்கள் பாப்பாவை வைத்துக்கொண்டு அவ்வளவு தூரம் வேண்டாம் என்று பாண்டிக்குத் திருப்பியது நான். எனவே ஏற்பாடு என் பொறுப்பு. டிசம்பர் நடுவில் செல்போனில் ஒரு விளம்பரம் வந்தது. கடலைப் பார்த்த புல்வெளி, மரத்துக்கு மரம் விளக்குச் சரம், டிஜே, குடும்பங்களுக்குத் தனி இடம், ‘அளவில்லா கிரியோல் விருந்து’. அந்தக் கடைசி வார்த்தையில்தான் என் மனைவி விழுந்தாள். பிரெஞ்சுச் சமையலும் நம்மூர் மசாலாவும் கலந்தது, வியட்நாம் போய் வந்த பாண்டிக்காரர்கள் கொண்டுவந்த பண்டங்களும் அதில் உண்டு என்று எங்கோ படித்திருக்கிறாள். ஹோட்டல்களில் லேசில் கிடைக்காது, பழைய குடும்பங்களின் வீடுகளில்தான் செய்வார்கள் என்றும் சொன்னாள். அது 3,600 ரூபாய் பார்ட்டியில் மட்டும் எப்படிக் கிடைக்கும் என்று அப்போது இருவருக்குமே தோன்றவில்லை.

விளம்பரத்தில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன். இந்த இடத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நான் ஏமாந்தது பார்ட்டியில் இல்லை, இந்தப் போன் பேச்சில்தான். எடுத்தவன் என்னை அவசரப்படுத்தவே இல்லை. “அண்ணா, ஒண்ணும் அவசரமில்ல. அண்ணிகிட்ட கேட்டுட்டு நிதானமா சொல்லுங்க. பாப்பாவுக்கு என்ன வயசு? ஒன்பதா? அப்ப பாஸே வேணாம்ணா, பத்துக்குக் கீழ ஃப்ரீ” என்றான். பின்னணியில் ஒரு குழந்தை அழுதது. “என் பொண்ணுதாண்ணா, ஒரு நிமிஷம்” என்று போய்விட்டு வந்தான். மறுநாள் அவனாகவே ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். பாஸைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. 31ஆம் தேதி மத்தியானத்துக்குள் ஊருக்குள் வந்துவிடுங்கள், சாயங்காலம் பழைய பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனுக்குள் வண்டி விட மாட்டார்கள், பீச் ரோட்டில் சாதாரண நாளிலேயே ஆறு மணிக்கு மேல் வண்டி கிடையாது, காரை வெளியே போட்டுவிட்டு நடக்கத்தான் வேண்டும். ஒன்றாம் தேதி மணக்குள விநாயகர் கோயிலுக்கு விடிவதற்கு முன்பே போய்விடுங்கள், அப்புறம் வரிசை தெருவைத் தாண்டும். அத்தனையும் உண்மை. போய்ப் பார்த்தபோது ஒன்றுகூடத் தப்பவில்லை. பத்து உண்மை சொன்னவன் பதினொன்றாவதாகப் பொய் சொல்வான் என்று யாருக்குத் தோன்றும்?

பாஸ், டிக்கெட் விற்கும் ஒரு பெரிய ஆன்லைன் தளத்திலும் இருந்தது. அதைப் பார்த்துதான் நம்பிக்கை உறுதியானது. பணம் கட்டப் போகும்போது அவனிடமிருந்து போன். “அதுல போட்டா அந்த ஃபீஸ் இந்த ஃபீஸ்னு 1,150 ரூபா கூட வரும்ணா. எதுக்குத் தண்டமா? என் நம்பருக்கே போட்டுடுங்க, நான் பாஸ் அனுப்பிடறேன்.” போட்டேன். 14,400 ரூபாய், ஒரே தவணையில், ஒரு தனி ஆளின் பெயருக்கு. 1,150 மிச்சம் பிடித்த சந்தோஷத்தில் அன்று இரவு வீட்டில் எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

அந்த இடம் ஈசிஆரில் வடக்கே, கோட்டக்குப்பம் தாண்டி இருந்தது. விளம்பரத்தில் பாண்டிச்சேரி என்றுதான் போட்டிருந்தார்கள். எட்டேகால் மணிக்குப் போனோம். வாசலில் கறுப்பு டீ-ஷர்ட் போட்ட பையன் பாஸை ஸ்கேன் செய்தான், பச்சை விளக்கு எரிந்தது, மஞ்சள் பட்டையைக் கையில் சுற்றினான். டேபிள் எங்கே என்று கேட்டால், “டேபிள் கோல்டுக்குத்தான் சார். மஞ்சள்னா ஸ்டேண்டிங்.” எங்கள் பாஸில் கோல்டு, மஞ்சள் என்று எதுவும் இல்லை. குடும்பப் பகுதி என்பது ஒரு ஷாமியானா, பத்துப் பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. பின்னால் நாலடியில் ஜெனரேட்டர், முன்னால் ஸ்பீக்கரின் முதுகு. கடல் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லை. பாப்பா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு என் மடியில் முகத்தைப் புதைத்தவள்தான், கடைசி வரை நிமிரவில்லை.

ஒன்பதரைக்குச் சாப்பாட்டுப் பக்கம் போனேன். எட்டுப் பாத்திரம் வரிசையாக இருந்தது. மூடியைத் திறந்தால் ஏழு காலி. அடியில் தண்ணீர் மட்டும் கொதித்துக்கொண்டிருக்கிறது, மேல் தட்டில் ஒரே ஒரு குடைமிளகாய்த் துண்டு ஒட்டிக்கொண்டு காய்ந்துபோயிருக்கிறது. பரிமாறும் பையன் கரண்டியால் அதைச் சுரண்டப் போனான், என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். “வந்துட்டே இருக்கு சார்.” எட்டாவது பாத்திரத்தில் நூடுல்ஸ். கிரியோல் எங்கே தம்பி என்றால், “அப்படின்னா?” என்கிறான். அவனைத் திட்ட மனம் வரவில்லை, அவனே சாப்பிட்டிருப்பானா என்று தெரியவில்லை. தண்ணீர் பாட்டில் வேண்டுமென்றால் கூப்பன், குறைந்தது 500 ரூபாய்க்கு வாங்க வேண்டும். மிச்சக் கூப்பனுக்குப் பணம் திரும்ப வராது. பாண்டி விலையில் சரக்கு என்று ஆசைப்பட்ட மச்சானுக்கு அங்கேதான் உறைத்தது, நாங்கள் நிற்பது பாண்டியே இல்லை. அது தமிழ்நாடு, விழுப்புரம் மாவட்டம். இந்த விஷயம் பிறகு வேறு விதத்தில் எங்களைக் கடித்தது, வருகிறேன்.

பத்தே முக்காலுக்குக் கிளம்பிவிட்டோம். “வெளிய போனா திரும்ப உள்ள விட மாட்டோம்” என்று பவுன்சர் சொன்னதுதான் அன்று நான் கேட்ட ஒரே நல்ல செய்தி. காரை ஊர் ஓரத்தில் விட்டுவிட்டு நடந்து, பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்துக்கு அருகே பீச் ரோட்டைத் தொட்டோம். காந்தி சிலைப் பக்கம் தலை தலையாகக் கூட்டம். கருங்கல் பாறையில் இடம் பிடித்து, சுண்டல் வாங்கிக் கொடுத்த பிறகுதான் பாப்பா வாயைத் திறந்தாள். “அப்பா, இங்கயே வந்திருக்கலாம்ல?” அந்த ரோட்டுக்குக் கட்டணம் கிடையாது. என் 14,400 அந்த நேரத்தில்தான் உண்மையாகவே வயிற்றெரிச்சலாக மாறியது.

என் மனைவியின் தோழி ஒருத்தி பாண்டியிலேயே பிறந்து வளர்ந்தவள். ஒன்றாம் தேதி அவளைப் பார்த்தபோது சிரிக்கிறாள். “எங்க ஊர்ல நல்ல விசேஷம் எதுக்குமே பாஸ் கிடையாதுண்ணா, தெரியாதா?” மாசி மகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரையில் சாமிகள் வந்து நிற்கும், ஆடியில் வீராம்பட்டினம் தேருக்குத் துணைநிலை ஆளுநரே வந்து வடம் பிடிப்பார், ஜூலை 14 பிரெஞ்சு தேசிய நாளுக்கு இதே பீச் ரோட்டில் நின்று பார்க்கலாம். எதற்கும் காசில்லை. இதை டிசம்பரில் சொல்லியிருக்கலாமே தாயே.

இனி அலைக்கழிப்பு. ஒன்றாம் தேதி காலை அவனுக்குக் கூப்பிட்டேன். முதல் தடவை எடுத்தான். “அச்சோ, அப்படியாண்ணா? நான் பேசிட்டுக் கூப்பிடறேன்.” கூப்பிடவில்லை. மூன்றாவது தடவை வேறு யாரோ எடுத்து “சார் மீட்டிங்ல இருக்கார்” என்றார். அண்ணா என்று கூப்பிட்டவன் ஒரே ராத்திரியில் சார் ஆகிவிட்டான். சாயங்காலம் அவன் புரொபைல் படம் மறைந்தது. அந்த இடத்துக்காரர்களோ, “நாங்க புல்வெளியை வாடகைக்கு மட்டும்தான் விட்டோம், பார்ட்டி நடத்தினது வேற ஆளுங்க” என்றார்கள். டிக்கெட் தளத்தின் கஸ்டமர் கேரில் நாற்பது நிமிடம் பாட்டுக் கேட்டபிறகு ஒரு பெண் வந்து, “இந்த பாஸ் எங்க வழியா வாங்கினது இல்ல சார், நீங்க நேரா பணம் கொடுத்திருக்கீங்க” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். 1,150 ரூபாய் மிச்சம் பிடித்தேன் அல்லவா, அதன் விலை இதுதான்.

ஒரு காவல் நிலையத்துக்குப் போனோம். நிகழ்ச்சி எங்கே நடந்தது என்று கேட்டார்கள். இடத்தைச் சொன்னதும், “அது எங்க லிமிட் இல்ல, தமிழ்நாடு. அங்க போய்க் கொடுங்க.” எல்லையைத் தாண்டிப் போனால், “பணம் திருச்சியில இருந்துதானே அனுப்பினீங்க? உங்க ஊர்ல கொடுங்களேன்.” எங்கு நடந்த குற்றமானாலும் எந்த நிலையத்திலும் புகாரைப் பதிய வேண்டும் என்று புதிய குற்ற நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 173ஆம் பிரிவில் இருக்கிறதாம். இதை வக்கீல் நண்பர் நேற்று ராத்திரி சொல்கிறார். அங்கே நின்றபோது தெரிந்திருந்தால் ஒரு வார்த்தை பேசியிருப்பேன்.

யோசனைகள் சொல்வதாகச் சொன்னேன். கோபத்தில் எல்லாம் வரவில்லை, ஞாபகத்தில் இருப்பதைச் சொல்கிறேன். தனி ஆளின் நம்பருக்குப் பணம் போடாதீர்கள், எவ்வளவு மிச்சமானாலும் சரி. விளம்பரத்தில் பாண்டி என்றிருந்தால் மேப்பில் எந்த மாநிலம் என்று பாருங்கள். இடத்துக்காரரின் ரிசப்ஷனுக்கு நீங்களே கூப்பிட்டு நடத்துவது யார் என்று கேளுங்கள். ‘அளவில்லா’ என்றால் எத்தனை மணி வரை என்று எழுத்தில் வாங்குங்கள். பணம் கொடுத்து பாஸே வரவில்லை என்றால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930, தாமதிக்க வேண்டாம். என்னைப் போல உள்ளே விட்டுவிட்டு ஏமாற்றினால் நுகர்வோர் உதவி எண் 1915. சொந்த ஊர் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது, ஐந்து லட்சம் வரை கட்டணமும் இல்லை என்கிறார் நண்பர்.

போடத்தான் போகிறேன். பாஸ், பணம் அனுப்பிய ரசீது, அவன் வாய்ஸ் மெசேஜ், மூன்றையும் பென் டிரைவில் ஏற்றிவிட்டேன். மஞ்சள் பட்டைகளும் சாட்சிக்கு வேண்டும். என்னுடையதை வெட்டிக் காரிலேயே எறிந்துவிட்டேன், சீட்டுக்கு அடியில் தேட வேண்டும்.